எடை கூடினால் சந்தோஷம்

அர்த்தநாரிக்கு ஐம்பத்து நான்காவது வயதில் கல்லூரியில் இடம் கிடைத்தது. படிக்க இல்லை, வேலைக்குத்தான். ஆனாலும் குமாரபாளையத்தில் அவர் குடியிருக்கும் தெருவில் நாலு பேர் எந்தப் பிரிவு என்று விசாரிக்காமல் விடவில்லை.

அதற்கு முன்னால் முப்பத்தொரு வருடம் விசைத்தறி ஓட்டினார். பட்டறை முதலாளிக்கு வயதாகிவிட்டது. ஒரே மகள், கோயமுத்தூரில் பல் டாக்டர். பதினாறு தறியை வைத்துக்கொண்டு ஒரு பல் டாக்டர் என்ன செய்வாள்? எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். லாரியில் ஏற்ற அர்த்தநாரியும் ஒரு கை கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். அன்றைக்கு அவர் அழுதார் என்று எழுதினால் கதைக்கு எடுப்பாக இருக்கும். அழவில்லை. இடுப்புதான் இரண்டு நாள் பிடித்துக்கொண்டது.

மனைவி நல்லம்மாளின் அண்ணன் மகன் திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பஸ் ஓட்டுகிறான். அவன் சொல்லித்தான் உணவுத் தொழில்நுட்பத் துறையின் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர் வேலை. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். கூட்டித் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஒன்பதரைக்கு மற்றவர்கள் வருவார்கள். வேலை ஒரு வருடத்துக்கு மட்டும். ஒவ்வொரு மே மாதமும் துறைத் தலைவர் தீனதயாளன் ‘இவர் தேவை’ என்று கடிதம் கொடுத்தால் இன்னொரு வருடம். கொடுக்காவிட்டால் வீடு.

பதினாறு தறிச் சத்தத்திலிருந்து அந்த அறைக்கு வந்தவர் முதல் பத்து நாள் எல்லோரிடமும் கத்தித்தான் பேசினார். தீனதயாளன் அவரைக் கோபக்காரர் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டார். பிறகு அர்த்தநாரியின் குரல் இறங்கியது. மரியாதையும் கூடவே இறங்கியது.

அந்த ஆய்வுக்கூடத்தில் சௌந்தர்யா என்று ஒரு பெண் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ராசிபுரம் பக்கத்துக்காரி. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள், ஆராய்ச்சிக்கும் அதையே பிடித்துக்கொண்டாள். கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கிளிசரின் விட்டு, கண்ணாடி போலத் தெளியும் வரைக்கும் காய்ச்சுவாள். சூடு இறங்கியதும் கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டுக் கலக்கி, தட்டையான தட்டுகளில் ஊற்றிக் காய வைப்பாள். காய்ந்த பிறகு தட்டின் மேல் மெல்லிய தாள் மாதிரி ஒன்று படிந்திருக்கும். அதை உரித்து எடுத்தால் அதுதான் ஃபிலிம். ஜேடர்பாளையத்துப் பக்கம் ஆலைகளில் காய்ச்சும் அச்சு வெல்லத்தை இந்த ஃபிலிமில் சுற்றி விற்கலாம், பிரிக்காமல் அப்படியே காபியில் போடலாம், உறையும் சேர்ந்து கரைந்துவிடும் என்பது அவளுடைய திட்டம். கிராம்பு எண்ணெய் பூஞ்சணத்தைக் கிட்டே விடாது.

முதல் நாள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்த அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏனுங் அம்மிணி, இது தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சிதானுங்களே?”

“அதேதாங்கண்ணா. நீங்க நூலுக்குப் போட்டீங்க, நான் தட்டுல ஊத்தறேன்.”

“எண்ணெய்கூட உடுவாங்களே கஞ்சிக்கு.”

“நான் கிராம்பு எண்ணெய் உடறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அன்றிலிருந்து அவருக்கு அந்த ஃபிலிம் ‘கஞ்சித்தாள்’. அவள் மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்ததை அவர் முப்பத்தொரு வருடமாகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதைச் சொல்லிக் காட்டும் சுபாவம் அவருக்கு இல்லை. நல்லம்மாளிடம் மட்டும் தினமும் சொன்னார்.

ஃபிலிமைத் தட்டிலிருந்து உரிப்பது பெரிய பாடு. ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல் இழுக்க வேண்டும். சௌந்தர்யா உரித்தால் மூன்றில் ஒன்று கிழியும். அர்த்தநாரியின் விரல்கள் அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே பிடித்து முடிச்சுப் போட்ட விரல்கள். அவர் உரித்தால் வாழையிலைச் சருகு மாதிரி முழுசாக வரும். ஒரு மாதத்துக்குள் உரிக்கும் வேலை அவருடையது ஆகிவிட்டது. அடுத்த மாதம் எடை போடுவதும்.

எடை போடும் தராசு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. மூச்சுப் பட்டால்கூட எண் மாறும். ஃபிலிமைச் சிறு துண்டாக வெட்டி, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி எடை போட வேண்டும். பிறகு அறையில் இருக்கும் கம்பித் தாங்கியில் ஒரு நாள் தொங்கவிட்டு, மறுநாள் பத்து மணிக்குத் திரும்ப எடை போட வேண்டும். காற்றிலிருந்து எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கடையில் வெல்லம் அடுக்கில் கிடக்கும்போது உறைக்கு என்ன ஆகும் என்பதற்காக இந்தத் திறந்த அறைச் சோதனை. எண்ணெய் விடாத சாதா ஃபிலிம் தாங்கியின் மேல் தட்டில் தொங்கியது. கிராம்பு எண்ணெய் விட்டது அடித்தட்டில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. கிராம்பு வாசனை தீனதயாளனுக்குத் தலைவலி கொடுத்ததால் அதை மூக்குக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்.

எண்களை நோட்டில் எழுதும் வேலையும் அர்த்தநாரிக்கு வந்தது. அவர் வாழ்க்கையில் அதுவரைக்கும் மற்றவர்கள்தான் அளந்தார்கள். அவர் நெய்த துணியை மடித்து, மீட்டர் பார்த்து, பழுது உண்டா என்று பார்த்து எழுதியவர்கள் வேறு ஆட்கள். இப்போது அவர் எழுதுகிறார், அதை ஒரு படித்த பெண் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். புள்ளிக்குப் பிறகு நாலு எண். ஒவ்வொன்றையும் குண்டு குண்டாக எழுதுவார். அந்த நோட்டின் மேல் அவருக்கு வந்த ஆசையைப் போல் முன்பு எந்தப் பொருள் மேலும் வந்ததில்லை. மே மாதக் கடிதம் கிடைக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது சம்பளத்துக்காக மட்டும் இல்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வெயில் எட்டு மணிக்கே மண்டையைப் பிளந்தது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்த அர்த்தநாரி தாங்கியைப் பார்த்துத் திடுக்கிட்டார். கஞ்சித்தாள்கள் ஓரம் சுருண்டு கிடந்தன. ஒன்றைத் தொட்டார். அப்பளம் மாதிரி மொறமொறத்தது.

தறிக்காரருக்கு இது தெரிந்த வியாதி. பங்குனி, சித்திரைக் காற்றில் பாவுக் கஞ்சி காய்ந்து விறைத்துவிடும். இழை படபடவென்று அறுந்து விழும். அதனால் பட்டறைக் கதவைத் திறந்ததும் முதல் வேலை தரையில் இரண்டு வாளி தண்ணீர் அடிப்பது. அப்படியும் போதாதென்றால் பாவுக்கு அடியில் ஈரச் சாக்கை விரித்துவிடுவார்கள். கஞ்சி ஈரத்தைக் குடித்துக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும், இழை பிழைக்கும். குமாரபாளையத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. விடிந்தால் வாசல் தெளிக்கிற மாதிரி அது பாட்டுக்கு நடக்கும்.

ஆகவே அர்த்தநாரி தரையில் இரண்டு வாளி தண்ணீர் அடித்தார். பழைய சாக்கு ஒன்றை நனைத்து, தாங்கிக்கு நேர் கீழே விரித்தார். ஒன்பதரைக்குள் தரை காய்ந்துவிடும். சாக்கு காயாது. படித்தவர்கள் நடமாடும் இடத்தில் ஈரச் சாக்கு கிடந்தால் லட்சணமாக இருக்காது என்று அதைச் சுருட்டிப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். மறுநாளும் செய்தார். அதற்கு மறுநாளும். யாரிடமும் மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. பல் விளக்கியதை யாராவது போய்ச் சொல்வார்களா?

பத்து மணிக்கு எடை போட்டால் அடித்தட்டுத் தாள்களின் எடை முந்தின வாரத்தைவிட ஏறியிருந்தது. அர்த்தநாரிக்கு மனசு குளிர்ந்தது. தாள் நன்றாகக் குடிக்கிறது. நாள் ஆக ஆக, எடை கூடக் கூட அவருக்குச் சந்தோஷம் கூடியது. பிள்ளை பெற்றவளைப் பார்க்க வந்த சொந்தக்காரர் மாதிரி, எழுதும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். சௌந்தர்யாவின் முகம் மட்டும் வரவர வாடியது. ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கவலை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. சித்திரை முடிவில் சோதனை முடிந்தது. எண்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு டீ கொண்டுவந்த அர்த்தநாரி, சௌந்தர்யா மேசையில் தலை கவிழ்ந்திருப்பதைப் பார்த்தார்.

“ஏஞ் சாமி, மேலுக்கு முடியலையா?”

“ஒண்ணும் இல்லீங்கண்ணா. எல்லாம் தலைகீழா வந்துருக்குது.” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எண்ணெய் தண்ணிக்கு ஆகாது. எண்ணெய் உட்ட பிலிம் ஈரத்தைக் கம்மியாத்தான் புடிக்கோணும். அதுக்குத்தான் எண்ணெயே உட்டது. ஆனா சாதாவுக்கு நூத்துக்குப் பதினொண்ணு ஏறுது, கிராம்புக்குப் பதினேழு. வெல்லத்தைச் சுத்துனா ரெண்டே நாள்ல பிசுபிசுன்னு ஒட்டிக்கும். மூணு வருசம் பண்ணதும் வீண்.”

அர்த்தநாரி டீ கிளாஸை வைக்க மறந்து நின்றார்.

“ஈரம் புடிச்சாக் கெடுதலுங்களா அம்மிணி?”

“பின்ன? அதானுங்கண்ணா மொத்த ஆராய்ச்சியே.”

“ஏறுனா நல்லதுன்னு நெனச்சனே.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அர்த்தநாரி அறையில் தனியாக நின்று தாங்கியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பின்பக்கம் போய்ச் சாக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். இரண்டு மாதமாகத் தினமும் காலையில் அந்தப் பெண்ணின் படிப்பில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதுவும் எவ்வளவு அக்கறையாக!

வீட்டில் சோறு இறங்கவில்லை. நல்லம்மாள் என்ன ஏது என்று கேட்டு, முழுக்கதையையும் வாங்கிக்கொண்டாள்.

“ஏனுங்க, நீங்க தண்ணி அடிச்சதை யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல.”

“யாராச்சும் கேட்டாங்களா?”

“கேக்கல.”

“அப்பொறம் என்ன? சும்மா இருங்க. இந்த மாசம் கடுதாசி குடுக்கற மாசம்.”

நல்லம்மாள் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. அர்த்தநாரி இரண்டு நாள் சும்மா இருந்தார். இந்த இரண்டு நாளில் அவர் செய்ததெல்லாம், ஏற்கெனவே கழுவிய கண்ணாடிச் சாமான்களைத் திரும்பக் கழுவியதுதான். வாளியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சௌந்தர்யா தன் முடிவுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று கேட்டார். கிராம்பு எண்ணெய் சேர்த்தால் ஃபிலிம் கெட்டுப்போகும் என்று எழுதுவதாகச் சொன்னாள். அர்த்தநாரிக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் ஒரு பாவமும் அறியாது. நாளைக்கு இதை அச்சில் போட்டு, நாலு ஊரில் நாலு பேர் படித்து, கிராம்பு எண்ணெயை ஒதுக்கி வைப்பார்கள். அதற்குக் காரணம் ஒரு சாக்கு.

“அம்மிணி, எண்ணெய் மேல தப்பில்லீங்க,” என்றார். “நாந்தான் பண்ணிப்போட்டேன்.”

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. தறியிலிருந்து ஆரம்பித்தார், பாவு, கஞ்சி, பங்குனிக் காற்று என்று வரிசையாக வந்துதான் சாக்குக்கு வந்து சேர்ந்தார். சௌந்தர்யாவின் காதுமடல்கூடச் சிவந்துவிட்டது. கடைசியில் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத மீட்டரைப் பார்த்தாள். அது அவள் தலைக்கு மேலே, ஆறடி உயரத்தில் இருந்தது. அடித்தட்டு ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே அண்ணா,” என்றாள். “ஒரே ஒரு வார்த்தை.”

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அர்த்தநாரிக்கு அது தெரிந்தது. அழுதிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இருவரும் போய்ச் சொன்னபோது தீனதயாளன் இதை நம்பவில்லை. நம்ப முடியாமல் இல்லை, நம்பினால் வேலை அதிகம். எண்ணெய் விட்டால் ஈரம் கூடுகிறது என்பது புதுமையான முடிவு. புதுமையான முடிவென்றால் பத்திரிகையில் சீக்கிரம் போடுவார்கள். கட்டுரையை அவர் போன வாரமே அனுப்பியும் விட்டார்.

“ரூம் ஒண்ணு, காத்து ஒண்ணு, மீட்டர் ஒண்ணு,” என்றார். “மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நாலடி. ஒரு சாக்கு என்னத்தைப் பண்ணிப்போடும்?”

“பாவு நூலையே மாத்திருமுங் சார்,” என்றார் அர்த்தநாரி.

“அப்படின்னா நிரூபிங்க. மூணு நாளைக்கு வழக்கம்போலத் தண்ணி அடிங்க, சாக்குப் போடுங்க. அடுத்த மூணு நாளைக்கு ஒண்ணும் கூடாது. ரெண்டையும் பாப்போம். எடையை நீங்களே போடுங்க. சௌந்தர்யா போடக்கூடாது. அவ தீசிஸ், அவ போட்டா ஆசை கலந்துரும்.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணு சொல்லிப்போடறேன். இது உங்க வேலைதான்னு நிரூபணம் ஆச்சுன்னா, நான் கடுதாசி குடுக்க முடியாதுங்க. ரெண்டு மாசத்து டேட்டாவைக் கெடுத்தவரை வெச்சிருக்கேன்னு மேல யாருக்கும் பதில் சொல்ல முடியாது.”

அவர் நியாயமான மனிதர். அவள் எடை போட்டால் ஆசை கலந்துவிடும் என்று யோசித்தவருக்கு, இவர் எடை போட்டால் என்ன கலக்கும் என்பது தோன்றவில்லை.

சௌந்தர்யாவுக்குத் தோன்றியது. அறையை விட்டு வெளியே வந்ததும் அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. ஆறு நாளும் அந்தப் பக்கமே வரவில்லை, நூலகத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் நாள் காலை எட்டு மணி. அறையில் அர்த்தநாரியும் வாளியும்தான். இரண்டு வாளிக்குப் பதில் அரை வாளி அடித்தால் போதும். சாக்கை இறுகப் பிழிந்து போட்டால் போதும். எடை ஏறாது, சாக்கு நிரபராதி, அவரும் நிரபராதி, கடிதம் வந்துவிடும். ஐம்பத்து நான்கு வயதில் இந்த வேலையும் போனால் அடுத்து எங்கே போய் நிற்பது? சாயப்பட்டறையில் மூட்டை தூக்க இடுப்பு விடாது. காவலாளி வேலைக்கு அவர் உயரம் பத்தாது என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார். இதையெல்லாம் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டே நினைத்தார். குழாய் திறந்தே இருந்தது, வாளி நிறைந்து வழிந்தது. வழிந்த வாளியைத் தூக்கித் தரையில் அடித்தார். இன்னொரு வாளி பிடித்து அதையும் அடித்தார். சாக்கை நன்றாக முக்கி எடுத்து, பிழியாமல் விரித்தார். தான் குற்றவாளி என்று நிரூபிக்க ஒரு மனிதன் இவ்வளவு சிரத்தையாக வேலை பார்த்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கும் அங்கே யாரும் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு எடை போட்டார். எண்ணெய்த் தாளுக்குக் கணக்குப் போட்டால் பதினேழு வந்தது. மறுநாளும் பதினேழு. மூன்றாம் நாள் பதினெட்டு.

நாலாம் நாள் வாளி கவிழ்ந்தே கிடந்தது. தரை வறண்டு கிடந்தது. தாங்கியில் தாள்கள் ஓரம் சுருண்டு மொறமொறத்தன. அவற்றை அப்படி விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அர்த்தநாரிக்குப் பெரிய அவஸ்தையாக இருந்தது. தண்ணீர் கேட்கும் கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறை உட்கார்ந்தார்.

பத்து மணிக்குத் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து, இடுக்கியால் எண்ணெய்த் தாளை உள்ளே வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். எண்கள் ஓடி நின்றன. கணக்குப் போட்டார். ஒன்பது. சந்தேகம் வந்து திரும்பவும் போட்டார். ஒன்பதுதான். மேல் தட்டில் இருந்த சாதாத் தாளை வைத்தார். அதற்குப் பதினொன்றேதான். நாலடி உயரத்துக்குச் சாக்கின் ஈரம் அவ்வளவாக எட்டவில்லை போலிருக்கிறது.

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். எடை குறைந்து அவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. கஞ்சித்தாள் நல்ல தாள். கிராம்பு எண்ணெய் சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. அந்தப் பெண்ணின் மூன்று வருடம் வீண் இல்லை. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. எழுந்தும் விட்டார். எழுந்த பிறகுதான், இந்த ஒன்பதை நோட்டில் எழுதினால் தன் வேலை முடிந்தது என்பது ஞாபகம் வந்தது.

நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பதினாறு என்று எழுதினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? தாள் திரும்ப அடுப்புக்குப் போய்விடும், ஈரம் ஆவியாகிவிடும், சாட்சி ஒன்றும் இருக்காது. அர்த்தநாரி பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அவர் பயந்தார் என்று தாராளமாகச் சொல்லலாம். பிறகு தராசில் வந்த நாலு எண்ணையும் வழக்கத்தைவிடக் குண்டாக எழுதினார். பக்கத்தில் ‘9’ என்று போட்டார். பயத்தில் ஒன்பதின் வால் கொஞ்சம் வளைந்துவிட்டது, மற்றபடி தெளிவாகத்தான் இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் எட்டு, ஒன்பது. அவற்றை எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஏழாம் நாள் தீனதயாளன் நோட்டை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். சௌந்தர்யா பக்கத்தில் நின்றாள். அர்த்தநாரி கதவோரம் நின்றார்.

“கையெழுத்து யாருது?”

“என்றதுங் சார்.”

“ம்.” அவர் மின்விசிறியைப் பார்த்தார். அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்க எத்தனை கடிதம் எழுத வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார். “சரி. டேட்டா சுத்தமா இருக்குது. சௌந்தர்யா, திறந்த அறைச் சோதனை முழுசையும் முதல்லருந்து பண்ணிரு. ரெண்டு மாசம். இவரை ஜூன்லருந்து வேண்டாம்னு எழுதிப்போடறேன். வேற ஆளு கேட்டு வாங்கிக்க.”

“வேற ஆளு வேண்டாங் சார்,” என்றாள் சௌந்தர்யா.

தீனதயாளன் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் எடை போட்டா ஆசை கலந்துரும்னு நீங்கதான் சொன்னீங்க. வேற ஆளு போட்டா, ஆசை இருக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒம்பதுன்னு எழுதுனா வேலை போயிரும்னு தெரிஞ்சே இவரு ஒம்பதுன்னு எழுதியிருக்கறாரு. எனக்கு அந்த ஆளு எழுதற நம்பர் வேணும் சார்.”

தீனதயாளன் மேசை இழுப்பறையைத் திறந்து, அச்சடித்து வைத்திருந்த படிவங்களில் ஒன்றை உருவினார். பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “வாளி அந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. சாவியும் இவர்கிட்ட இருக்கக்கூடாது.”

தாழ்வாரத்துக்கு வந்ததும் அர்த்தநாரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைக்கவும் இல்லை.

“அம்மிணி, நீங்க பண்ணதுக்கு நான்…”

“நன்றி எல்லாம் சொல்லாதீங்கண்ணா,” என்றாள் சௌந்தர்யா. குரல் சூடாகவே இருந்தது. “எனக்கு உங்க மேல கோவம்தான். ரெண்டு மாசம் போச்சு, இன்னும் ரெண்டு மாசம் போகப்போகுது. அதுக்கப்பொறம் தீசிஸ் வேற எழுதோணும், ஆவணிக்குள்ள முடியாது. மாப்பிள்ளை ஊட்ல கல்யாணத்தைத் தள்ளி வைங்கன்னு எங்கப்பா போய்ச் சொல்லோணும். சாக்குன்னா அவங்களுக்குப் புரியுமா? இந்தக் கோவம் இப்போதைக்குப் போகாதுங்கண்ணா. சொல்லிப்போட்டேன்.”

“போக வேண்டாஞ் சாமி. இருக்கட்டும்.”

அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தாள். நின்று திரும்பினாள்.

“நாளைக்கு எட்டு மணிக்கு நான் வந்து தொறக்கறேன், பத்து மணிக்கு எடை. வந்துருங்க.”

“வாரேனுங்க.”

மறுநாள் ஏழே முக்காலுக்கு அர்த்தநாரி பூட்டிய கதவுக்கு வெளியே, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.